உன் குரல் என்னிடமிருந்துதான் வந்தது

ராஜி,

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தவள் நான்தான். தமிழில் இருக்கும் ஒரே 'க'வை எந்த இடத்தில் எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் நீ பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். மலையாளத்திலேயே எழுதியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். நான் மேடையில் பாடிய மலையாளப் பாட்டுகளையும் இந்திப் பாட்டுகளையும்கூடத் தமிழ் எழுத்தில்தான் நோட்டில் எழுதிவைத்துப் பாடினேன். அதற்கு மேல் எனக்கு எழுத்து வராது. அழுவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் எனக்கு இந்த ஒரு பாஷைதான் இருக்கிறது. எத்தனை நேரமானாலும் நீயே எழுத்துக்கூட்டிப் படி. வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை நீ சுக்குக் கிடங்குப் போனுக்குக் கூப்பிட்டாய். கிடங்கு முதலாளி சேட்டு ஜன்னலில் நின்று, "ராஜியோட அம்மே, மதராஸ் கால், ஓடி வா" என்று கத்தினார். நான் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். "அம்மா, நான்தான்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நீ காத்திருந்தாய். "அம்மா, கேக்குதா?" என்றாய். கேட்டது, ராஜி. உனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்ததுகூடக் கேட்டது. நான் நகத்தால் ரிசீவரைத் தட்டினேன். அது உனக்கு லைன் கோளாறு மாதிரிக் கேட்டிருக்கும். கடைசியில் நீ, "இன்னும் கோவம்தானா? சரி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கேசட் கம்பெனியில கையெழுத்துப் போடுறேன். சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டாய். சேட்டு என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டு, "மோளு எந்து பறஞ்சு, என்ன சொன்னா?" என்று கேட்டார். அவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. எனக்குக் குரல் போய்விட்டது. நீ வீட்டை விட்டுப் போன பத்தாவது நாள் எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாக வளர்ந்திருந்ததை வெட்டி எடுத்தார்கள். உனக்குச் சொல்லக்கூடாது என்று நம் பாட்டுக்குழு அந்தோணிச் சேட்டனிடம் சத்தியம் வாங்கினேன். மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். மூன்று வாரம் முடிந்து, திறந்து பார்த்தேன். அடுப்பு ஊதுகிற சத்தம்தான் வந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், பாட்டு திரும்பாது என்று சொல்லிவிட்டார். பேச்சு எப்போது திரும்பும் என்று கையால் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். உன் வெள்ளிக்கிழமைக்குள் திரும்பாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். வாய் இருந்தபோது நான் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எட்டு வயதிருக்கும்போது, "எனக்கு மட்டும் ஏம்மா குரல் இப்படித் தடிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "உங்க அப்பா வழி" என்றேன். அப்பாவின் அக்காவுக்கு இப்படித்தான் என்று ஒரு கதையும் கட்டினேன். அப்பாவுக்கு அக்காவே கிடையாது. அது என் குரல், ராஜி. அதே கனம், கீழே இறங்கும்போது ஓரத்தில் வரும் அதே கரகரப்பு, வார்த்தையின் கடைசியில் மூச்சு கொஞ்சம் தங்கி நிற்கும் அந்தப் பழக்கம், எல்லாம் என்னுடையது. நான் மேடை ஏறிய பிறகு என்னிடம் ஒரு முறைகூடக் கேட்காத குரல் உன் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. உன்னை முதன்முதலில் பாடக் கேட்ட அன்று எனக்குப் பெருமை வரவில்லை. திருடு போன சாமானை அடுத்த வீட்டில் பார்த்ததுபோல் இருந்தது.

எனக்குப் பதினேழு வயதில் பஜார் ரோட்டுக் கிடங்கு முற்றத்தில் சுக்கு பொறுக்கப் போனேன். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். சுக்குத் தூசி மூக்கில் ஏறி ஆளாளுக்குத் தும்மிக்கொண்டே இருப்போம். வேலை அலுக்காமல் இருக்க யாராவது பாடுவார்கள். எனக்கு எந்தப் பாட்டும் முழுதாகத் தெரியாது. வாயில் வந்ததைப் பாடுவேன். தராசுக்காரன் நடை, கப்பல் வராத வாரம், மழைக்கு முன் மூட்டைகளை உள்ளே இழுக்கிற அவசரம், இதையெல்லாம் போட்டுப் பாடுவேன். மலையாளப் பெண்கள் ஒரு வரியைத் திருப்பிப் பாடுவார்கள், தமிழ்ப் பெண்கள் அடுத்த வரியை. உங்கள் அப்பா அப்போது ஏலூர்த் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அக்கரை போய்ப் பஸ் பிடிக்கப் படகு ஜெட்டிக்குப் போகும் வழியில் அந்த மதில் ஓரமாக நின்று கேட்பார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் இருந்தார்கள், எந்தக் குரல் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "அது மாதிரி இன்னொண்ணு இல்லையே" என்றார். இருபத்திரண்டு வயதில் அந்த வார்த்தையின் மதிப்பு எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஐந்து வயதானபோது சினிமாப் பாட்டுக் கானமேளா வந்தது. அந்தோணிச் சேட்டன் அக்கார்டியன் வாசிப்பவர், சொந்தமாக ஒரு குழு வைத்திருந்தார், பெண் குரலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நான் அவர் முன்னால் முதலில் என் குரலில்தான் பாடினேன் என்பது உனக்குத் தெரியாது. அவர் அக்கார்டியனை மடியில் மூடி வைத்துவிட்டு, "மோளே, இந்தச் சப்தம் மேடைக்குச் சேராது. ஆம்பளையும் இல்லே, பெண்ணும் இல்லே. குறச்சு மேலே கேற்று. ரேடியோவில அந்தம்மா பாடுறது கேட்டிட்டில்லே? அதுபோலே மதி, போதும்" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஜனங்களுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதைச் சொன்னார். "இல்லை சேட்டா, என்னால் இப்படித்தான் முடியும்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பேர் வேண்டியிருந்தது. சுக்குத் தூசியிலிருந்து எழுந்து, வெளிச்சத்தில் நின்று, ஆயிரம் பேர் பார்க்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. ஆறு மாதம் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலை மேலே மேலே ஏற்றினேன். தொண்டையை ஒரு கை பிடித்து நெரிப்பதுபோல் இருக்கும். அந்தக் கை என்னுடையது என்பதால் வலி பொறுக்க முடிந்தது.

பள்ளுருத்தி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. உன்னை அப்பா தோளில் தூக்கி வைத்திருந்தார். நான் முதல் வரியைப் பாடியதும் கூட்டம் அப்படியே அடங்கியது. பிறகு ஒரு விசில், அதன் பின்னால் மைதானம் முழுக்கக் கைதட்டல். பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிஷத்துக்கு ஈடான சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வேறு கிடைக்கவில்லை. கீழே இறங்கியபோது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவோட தங்கச்சியா நீங்க?" என்றாள். நான் இல்லை என்று சொல்லாமல் சிரித்தேன். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து நோட்டீசில் அந்த அம்மாவின் பெயருக்கு முன்னால் 'கொச்சியின்' என்று சேர்த்து அச்சடித்தார்கள். அதுதான் என் பெயரானது. அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. ஒரு முறை பிராட்வேயில் புடவைக் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பாடச் சொன்னார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கண்ணை அடச்சால் அவர் தன்னே" என்றார். நீ என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பதினாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த எல்லாப் பாராட்டும் அந்த ஒன்றுதான், வேறு வேறு வாயில். கண்ணை மூடிக்கொண்டால்தான் நான் நன்றாக இருந்தேன்.

மதராஸ் போய்வந்த கதையையும் உனக்கு மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். தேதி ஒத்துவரவில்லை என்று சொன்னேன் அல்லவா? நடந்தது வேறு. ஆலுவாவில் ஒரு பெருநாள் நிகழ்ச்சியில் என்னைக் கேட்ட ஒரு இசையமைப்பாளர் வரச் சொல்லியிருந்தார். அப்பா லீவு போட்டு உன்னைப் பார்த்துக்கொண்டார். நான் தனியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். புதிய மெட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார், பாடினேன். ஒரு பிசிறு இல்லை. வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வெளியே வந்து ரொம்ப மரியாதையாகப் பேசினார். "பிரமாதமா பாடுறீங்கம்மா. ஆனா இது அவங்க குரலாச்சே. அவங்களே இருக்காங்க, கூப்பிட்டா வருவாங்க. அப்புறம் நீங்க எதுக்கு?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "உங்களுக்குன்னு ஒரு குரல் இருக்கும்ல? அதுல பாடுங்க, கேப்போம்" என்றார்.

ராஜி, நான் மறுபடியும் மைக் முன்னால் நின்றேன். கிடங்கு முற்றத்தை நினைத்துக்கொண்டேன். கீழே இறங்கப் பார்த்தேன். தொண்டை மேலே மேலே போனது. இரண்டாம் முறையும் அந்த அம்மாதான் வந்தார். மூன்றாம் முறை எந்தக் குரலும் வரவில்லை, வெறும் இருமல் வந்தது. ஐந்து வருஷம் நான் அழைக்காமல் இருந்த என் குரல் நான் கூப்பிட்டபோது வரவில்லை. "பரவால்லம்மா, போய்ட்டு வாங்க" என்றார். ஸ்டேஷன்வரை நடந்தே வந்தேன். வழியில் ஒரு டீக்கடை ரேடியோவில் அந்த அம்மா பாடிக்கொண்டிருந்தார். சாயா குடிக்க நின்றவர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வாரமே கானமேளாவுக்குப் போய் முன்னைவிட மேலே ஏற்றிப் பாடினேன்.

அப்பாவைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். முடியவில்லை. மஞ்சள் காமாலையில் அவர் படுத்திருந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். மத்தியான வேளை, மழை விட்டிருந்தது. அவர் என் கையைத் தொட்டு, "அந்தச் சுக்கு முற்றத்துல பாடுவியே, அதுல ஒண்ணு பாடேன்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே பாட்டு அது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத் தொடங்கினேன். வார்த்தை எல்லாம் ஞாபகம் இருந்தது. தராசுக்காரன் வந்தான், கப்பல் வராத வாரம் வந்தது. குரல் மட்டும் அந்த ரேடியோக் குரல். அவர் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும், "இது அவங்க பாடுற மாதிரி இருக்கே" என்றார். பிறகு என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். நாலாம் நாள் போய்விட்டார். ஒரு மனுஷன் சாகும்போது தன் பெண்டாட்டியின் குரலைக் கேட்க ஆசைப்பட்டான், ராஜி. அதைக் கொடுக்க எனக்கு வக்கில்லை.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய பாவம். உனக்குப் பதினைந்து வயதில், பள்ளி ஆண்டு விழாவில், நீயாகவே கட்டிய ஒரு பாட்டைப் பாடினாய். தமிழும் மலையாளமும் கலந்து, ஜெட்டியில் படகுக்குக் காத்து நிற்கிறவர்களைப் பற்றி. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், பாட்டுக்காரி என்பதால். நீ இரண்டாவது அடியில் கீழே இறங்கினாய். பதினேழு வயதில் நான் உட்கார்ந்திருந்த முற்றம் என் கண் முன்னால் வந்துவிட்டது. நீ எந்தப் பயமும் இல்லாமல், இதுதான் என் சத்தம் என்று நிற்கிறாய். நான் எழுந்து மேடைக்குப் போய் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினேன். எல்லார் முன்னாலும், "ஆம்பளை மாதிரிக் கத்தாதே, இறங்கு" என்றேன். நீ அழவில்லை. மேடையிலிருந்து இறங்கி வீடுவரை என் பின்னாலேயே நடந்து வந்தாய். சாப்பிடும்போது, "எப்படிம்மா பாடணும்? சொல்லிக் கொடு" என்றாய்.

சொல்லிக் கொடுத்தேனே. பாவி நான், சொல்லிக் கொடுத்தேனே. காலையில் வெறும் வயிற்றில் உச்சத்தில் நிற்கவைத்தேன். இறங்கினால் முதுகில் தட்டினேன். தொண்டை புண்ணானபோது வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி நிற்கவைத்தேன். மூன்று வருஷத்தில் நீ என்னைவிட நன்றாக அந்த அம்மாவாகிவிட்டாய். பதினெட்டு வயதில் நீ ஒரு பாட்டைப் பாடி முடித்தபோது அந்தோணிச் சேட்டன் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார். என் குரல் அப்போதே அடைக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வருஷம் நோட்டீசில் அதே பெயர் இருந்தது, ஆள் நீ. ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? நான் எங்கே போனேன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் மேடைக்குப் பின்னால் உனக்கு வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்று பொறாமைப்பட்டேன். நீ சொன்னது சரிதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பும்போது, "நீ மட்டும் பாடலாம், நான் பாடக்கூடாதா? நான் உன்னைவிட மேலே போறேன்னு உனக்குப் பொறாமை" என்றாயே, அது முழுக்க உண்மை. உன்னைப் போகாதே என்று நான் கத்தியதில் பாதிப் பங்கு பொறாமைதான். மீதிப் பாதி என்ன என்று எனக்கே அன்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மீதிப் பாதி பயம். நீ காலையில் எழுந்ததும் மூன்று தடவை செருமுகிறாய். முதல் வார்த்தை தடுக்கி வருகிறது. எச்சிலை விழுங்கும்போது கழுத்தை இடது பக்கம் சாய்க்கிறாய். நீ இதைக் கவனித்திருக்கமாட்டாய். நான் இரண்டு வருஷமாகக் கவனிக்கிறேன். எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னைத் திட்டினார். "இத்தனை வருஷம் தொண்டையை நெரிச்சிட்டிருந்திருக்கீங்க. சொந்த ஸ்ருதியில பாடியிருந்தால் இது வந்திருக்காதுன்னு உறுதியாப் பறய முடியாது. பக்ஷே இத்தனை மோசமாகியிருக்காது" என்றார். பிறகு, வீட்டில் வேறு யாராவது இப்படிப் பாடுகிறார்களா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் அப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவமானம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கொண்டு அந்த ஒரு தலையாட்டலை நினைத்து நினைத்து, சத்தமே இல்லாமல் அழுதேன். எனக்கு அப்போது அப்படித்தான் அழ முடிந்தது.

அந்த கேசட் கம்பெனிக்காரர்கள் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று நீயே சொன்னாய். மூன்று வருஷம் அந்த அம்மாவின் பழைய பாட்டுகளை அவர் குரலில் பாடித் தர வேண்டும். உறையில் 'இளைய' என்று போட்டு அவர் பெயர் இருக்கும். அந்த மூன்று வருஷமும் உன் பெயரில் எங்கேயும் பாடக்கூடாது. நீ இதைப் பெரிய வாய்ப்பு என்கிறாய். கடைக்குக் கடை உன் கேசட் ஓடும், அது உண்மைதான். நானும் ஓடினேன். ஜெட்டியில் டிக்கெட் கிழிப்பவர்வரை எனக்குச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒரு நர்ஸ், ஓடி வந்து என் கையைப் பிடித்து அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, "நீங்கதானே சேச்சீ?" என்றாள். சீட்டில் எழுத வேண்டும், உண்மைப் பெயர் என்ன என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். "இதாணோ பேரு?" என்று ஆச்சரியப்பட்டாள். புகழ் என்று நான் பதினாலு வருஷம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது என்னைப் பற்றி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் உனக்குப் பாடாதே என்று சொல்லவில்லை, ராஜி. யாருக்கும் பிடிக்காமல் போகலாம். ஆம்பளையும் இல்லை பெண்ணும் இல்லை என்று உன்னிடமும் சொல்வார்கள். சொந்தக் குரலில் பாடினால் ஊரே கொண்டாடும் என்று நான் உனக்குப் பொய் வாக்குக் கொடுக்கமாட்டேன். பத்துப் பேர் கேட்கலாம், பத்துப் பேரும் பாதியில் எழுந்து போகலாம். ஆனால் உன்னிடம் கேட்பதற்கு ஒருவர் வந்தால், கொடுப்பதற்கு உன்னிடம் ஒன்று இருக்கும். என்னிடம் இருக்கவில்லை. என்னுடையது தொலைந்துவிட்டது, இனி ஆபரேஷன் செய்தும் எடுக்க முடியாது. இந்த உலகத்தில் அது மிச்சம் இருப்பது உன் தொண்டையில் மட்டும்தான். அதையும் நானே ஐந்து வருஷம் அடித்துத் துரத்தியிருக்கிறேன். அது போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீ தனியாக இருக்கும்போது எப்போதாவது கீழே இறங்கிப் பார்த்தாயா? வந்ததா? வந்தது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இந்த வீட்டில் சுவர் சுவராகப் போய் நிற்கிறேன்.

இதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒரு சீட்டில் "ராஜி அட்ரஸ் வேண்டும்" என்று எழுதி அந்தோணிச் சேட்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "தபால் மதராஸ் போய் எத்தும்போள் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். எத்தினாலும் உன் கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமல் வெச்சிருப்பாள்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், ராஜி. அறுபது வயது மனுஷனை, அவர் வீட்டு வாசலில். வாயில் வார்த்தை இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? அவர் மனைவி ஓடி வந்தாள். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "தெற்று என்டேயும் ஆணு மோளே, என் தப்பும்தான். முதல்ல உன்னை மேலே கேற்றச் சொன்னது ஞான் அல்லே?" என்று அழுதுவிட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நோட்டைப் பிரித்து உன் லாட்ஜ் முகவரியை எழுதித் தந்தார். புதன்கிழமை அவரே ஸ்டேஷனுக்கு வந்து மதராஸ் வண்டியில் ஏற்றிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம், "இவங்களுக்குப் பேச முடியாது, இறங்கும்போது சொல்லிக் கொடுக்கணும்" என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வண்டியில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். பாலக்காடு தாண்டிவிட்டது. வண்டி ஆடுவதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள். பக்கத்துப் பெண்மணி சாப்பாடு கொடுத்தாள், வாங்கி மடியில் வைத்திருக்கிறேன். கடைசி முறை இந்த வழியாகப் போனபோது பெட்டி நிறையப் புடவையும் தலை நிறையப் பூவுமாகப் போனேன். இப்போது கையில் ஒரு பை, அதில் இந்தக் காகிதங்கள். வியாழக்கிழமை காலையில் நீ கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் இதைக் கையில் கொடுப்பேன். உனக்கு ஒரு நாள் இருக்கும். அதில் முதல் அரை மணி நேரத்தை எனக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன். படித்துவிட்டு நீ நாளைக்குக் கையெழுத்தே போட்டாலும் உனக்குக் கஞ்சி வைத்துத் தர, தலைக்கு எண்ணெய் வைக்க, ஆஸ்பத்திரிக்குக் கூட வர நான் இருப்பேன். டாக்டரிடம் மட்டும் போய்விட்டு வா. அந்த இடது பக்கத்தைக் காட்டு. மற்றதெல்லாம் அப்புறம்.

நீ எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து, ஒரு விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு படித்திருப்பாய். என்னை உட்காரக்கூடச் சொல்லியிருக்கமாட்டாய். ராத்திரி முழுக்க வண்டியில் வந்தது, கால் வலிக்கிறது. ராஜி, என்னை உள்ளே கூப்பிடு.